பல்கலைக்கழகக் கடனுதவி: தொகையைத் தீர்மானிப்பது எது?

பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் மின்டன் வளாகத்தில் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு பிடிபிடிஎன் எனும் அரசுக் கல்விக் கடன் முழுதாகக் கிடைக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அதில் முக்கால் பங்குதான். மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டு வருமானத்திலும் மாதம் 200 ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் எஸ்டிஆர் எனும் ரஹ்மா ரொக்க உதவித் தொகையின் பட்டியலில் இருக்கிறது, மற்றது இல்லை. பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதற்கு வெகு முன்பே, அப்பாவோ அம்மாவோ நிரப்பிய அல்லது நிரப்பாமல் விட்ட ஒரு படிவம் கடன் தொகையை முடிவு செய்துவிட்டது.

நம் குடும்பங்களில் பலர் கடனுதவியைப் பற்றிப் பேசத் தொடங்குவது அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கான யுபியு முடிவு வந்த பிறகுதான். அதற்குள் பாதி வேலை கைவிட்டுப் போயிருக்கும். எந்தத் தொகை எந்தக் காகிதத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால், எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் படிக்கும் ஆண்டிலேயே வீட்டுக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம்.

பிடிபிடிஎன் என்பது 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகம். நாட்டில் பட்டம், டிப்ளோமா படிக்கும் பெரும்பாலோருக்கு முதலில் திறக்கும் கதவு இதுதான். அடிப்படைத் தகுதிகள் கடினமானவை அல்ல. மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளில் வயது 45-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், படிப்பு முடிய இன்னும் ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும், வேறு எங்கிருந்தும் முழு உபகாரச் சம்பளம் பெறக் கூடாது. இவற்றில் பலரையும் பிடிக்கும் விதி அந்த ஓராண்டு விதிதான். 'முதல் இரண்டு வருஷம் எப்படியாவது சமாளிச்சிடுவோம், கடைசியில எடுத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள், இறுதியாண்டின் நடுவில் வந்து நிற்கும்போது கதவு மூடியிருக்கும்.

தகுதி ஒன்று, தொகை வேறொன்று. தொகை மூன்று படிகளில் அமைந்திருக்கிறது. எஸ்டிஆர் பெறும் குடும்பத்துப் பிள்ளைக்கு முழுத் தொகை. எஸ்டிஆர் பெறாத, மாத வருமானம் 8,000 ரிங்கிட் வரை உள்ள குடும்பத்துக்கு 75 விழுக்காடு. அதற்கும் மேல் என்றால் 50 விழுக்காடு. வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டுக் குடும்பங்களைக் குறிக்கும் பி40 என்ற சொல்லே இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நாங்க பி40 குடும்பம், முழுக் கடன் கிடைக்கும்' என்று நம்பிவிட்டு ஏமாறுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஒரே குடும்பம், மூன்று அளவுகோல்

பட்டர்வொர்த்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா லாரி ஓட்டுநர். அடிப்படைச் சம்பளம் 2,400 ரிங்கிட், நடைப்படியாக மாதம் சராசரி 700. அம்மா பிறை தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அடிப்படை 1,700, ஓவர்டைம் சராசரி 400. மொத்தம் 5,200 ரிங்கிட்.

புள்ளிவிவரத் துறையின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டளவில் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழே உள்ள குடும்பம் பி40. ஆகவே இவர்கள் பி40. ஆனால் எஸ்டிஆருக்குக் குடும்ப வருமான வரம்பு 5,000 ரிங்கிட். அங்கே 200 ரிங்கிட்டில் வெளியே போய்விடுகிறார்கள். எஸ்டிஆர் இல்லை, வருமானம் 8,000-க்குக் கீழ் என்பதால் பிடிபிடிஎன்-இல் 75 விழுக்காடு. ஆக, பி40 என்று சொல்லி உதவி தரும் ஓர் அறவாரியத்தின் வாசலில் இவர்களுக்கு இடம் உண்டு, எஸ்டிஆர் கேட்கும் இடத்தில் இல்லை. 5,250-லிருந்து 11,819 வரை உள்ள எம்40 எனும் நடுத்தட்டுப் பிரிவும் இப்படித்தான் பிடிபிடிஎன்-இல் 8,000 என்ற கோட்டில் இரண்டாக உடைகிறது. ஒரு விண்ணப்பம் தள்ளப்பட்டதும் 'நமக்கு எதுவும் கிடைக்காது' என்று ஓய்ந்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு நிதியும் வேறு கோல் வைத்து அளக்கிறது.

இதே குடும்பத்தில் எங்கே தவறு நடக்கும்? ஓவர்டைமில். பண்டிகைக்கு முன்போ ஆண்டிறுதியிலோ ஆலையில் வேலை குவியும் மாதத்தில் அம்மாவின் சம்பளச் சீட்டு 2,900 காட்டும். படிவம் நிரப்பும்போது கையில் அகப்படுவது அந்தச் சீட்டு. அதை அப்படியே எழுதினால் குடும்ப வருமானம் 6,000. உண்மையில் ஆண்டு முழுவதையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் வருவது வேறு எண். முதலாளி ஆண்டுக்கு ஒருமுறை தரும் இஏ படிவத்தில் அந்த ஆண்டு மொத்தம் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவதே சரி. வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லவில்லை. அரசு தன்னிடம் உள்ள பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பொய் எழுதினால் பிடிபடும். ஆனால் இல்லாத வருமானத்தை எழுதி இழப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

இன்னொரு தவறு, வேலைக்குப் போகும் அண்ணன், அக்கா சம்பளத்தையும் சேர்த்து எழுதுவது. கேட்பது பெற்றோரின் வருமானத்தை. அண்ணன் வீட்டுக்குக் கொடுக்கும் 500 வெள்ளி, படிவத்தில் கேட்காத இடத்தில் போய் உட்காரக் கூடாது.

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டே இல்லாத வீடுகள் ஏராளம். பூக்கடை, ஒட்டுக்கடை, முடிதிருத்தகம், கிராப், கட்டுமானத் தினக்கூலி. இவர்கள் வருமானத்துக்குச் சான்று கேட்டால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் கையெழுத்திட்ட அறிவிப்போ, அந்தந்த அமைப்பு ஏற்கும் உள்ளூர்த் தலைவரின் உறுதிக் கடிதமோ வேண்டும். யாருடைய கையெழுத்து செல்லும் என்பதை முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். தவறானவரிடம் வாங்கிய கடிதத்தால் விண்ணப்பம் திரும்பி வந்து, காலக்கெடுவும் முடிந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

பெயர், பிறப்புப் பத்திரம், எஸ்டிஆர்

தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அப்பாவின் அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயருக்கு வேறொரு எழுத்துக்கூட்டல். அந்தக் காலத்தில் பதிவுசெய்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. சுப்பிரமணியம் என்ற பெயருக்கு எத்தனை விதமான ரோமன் எழுத்துக்கூட்டல் உண்டு என்று நம் எல்லாருக்கும் தெரியும். கணினி ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் இந்த வேறுபாடு ஒரு தடை. தேசியப் பதிவுத் துறையில் திருத்த விண்ணப்பம் போட்டால் ஒரே நாளில் முடியாது. எஸ்பிஎம் முடிந்த கையோடு இரண்டு பத்திரங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கும் அப்படியே. மாணவர் பெயரில், அடையாள அட்டையில் உள்ளபடியே, நடப்பில் உள்ள கணக்கு வேண்டும். பள்ளிக் காலத்தில் திறந்து பல ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கு உறங்கிப் போயிருக்கும். அங்கே அனுப்பிய பணம் திரும்பிப் போகும்.

பெற்றோர் பிரிந்த வீடுகளில் எஸ்டிஆர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அம்மாதான் பிள்ளையை வளர்க்கிறார், ஆனால் எஸ்டிஆர் பதிவு இன்னமும் அப்பாவின் பெயரில், அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறது என்றால், அம்மாவின் உண்மையான நிலை எந்தக் கணினிக்கும் தெரியாது. விவாகரத்து ஆணை, மரணச் சான்றிதழ், பாட்டியோ மாமாவோ வளர்ப்பவராக இருந்தால் அதற்கான பாதுகாவலர் பத்திரம் ஆகியவற்றை வைத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்வதற்கு வெட்கப்படும் தாய்மார்களை நிறையப் பார்க்கிறோம். அது பிள்ளையின் உரிமை, வெட்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

மிகவும் வறிய நிலையில் உள்ள குடும்பமாக இருந்தால் இ-காசே எனும் வறுமைப் பதிவேட்டிலும் பெயர் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சில உதவிகள் அந்தப் பட்டியலை மட்டுமே பார்க்கும்.

பதிவு நாளுக்கும் முதல் பணத்துக்கும் இடையே

யுபியு கடிதம் வந்ததும் குடும்பம் கணக்குப் போடுவது கல்விக் கட்டணத்தை மட்டும்தான். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தின் பெரும் பகுதியை அரசே சுமப்பதால், உள்ளூர் மாணவர் கட்டும் தொகை தனியார் கல்லூரியோடு ஒப்பிட மிகச் சிறியது. நெருக்கடி வருவது வேறு இடத்தில். டேசாசிஸ்வா எனும் விடுதிக் கட்டணம், பதிவுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, மெத்தை விரிப்பு, மடிக்கணினி, முதல் இரண்டு மாதச் சாப்பாடு. கடன் விண்ணப்பத்துக்கு மெட்ரிக் எண் எனும் மாணவர் எண் வேண்டும், அது பதிவுக்குப் பிறகுதான் கிடைக்கும். பிறகு ஒப்புதல், ஒப்பந்தம், சரிபார்ப்பு. முதல் பணம் கணக்கில் விழ வாரக்கணக்கில் ஆகும்.

இந்த இடைவெளிக்கென்றே முன்பணம் ஒன்று உண்டு. அரசு உயர்கல்விக் கூடங்களிலும் போலிடெக்னிக்கிலும் சேரும், எஸ்டிஆர் பெறும் குடும்பத்துப் புதிய மாணவர் 1,500 ரிங்கிட் வரை பிடிபிடிஎன்-இலிருந்து முன்கூட்டியே பெறலாம். இது இலவசம் அல்ல, பின்னால் வரும் கடனில் கழித்துக்கொள்வார்கள். இது தானாகவும் வராது. இடம் கிடைத்த கடிதம் வந்தவுடன் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எஸ்டிஆர் பதிவு ஒழுங்காக இருந்தால் மட்டுமே இது நடக்கும் என்பதால்தான் முந்தைய ஆண்டே அதைச் சரிசெய்யச் சொல்கிறோம்.

பிடிபிடிஎன் நடத்தும் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கும் கடன் விண்ணப்பத்துக்கு வேண்டும். குறைந்தபட்சம் 20 ரிங்கிட் போட்டுத் திறக்கலாம். வருமான வரி கட்டும் பெற்றோருக்கு இதில் ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வரிக் கழிவு உண்டு, ஆண்டில் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்த நிகரத் தொகைக்கு. வரி கட்டும் அளவு சம்பளம் இல்லாத வீட்டுக்கு அந்தக் கழிவால் ஒரு காசும் வராது. ஆகவே 'வரிக்கழிவு இருக்கு' என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சாப்பாட்டுக் காசை அதில் போட வேண்டாம். கணக்கு திறந்திருந்தால் போதும்.

ஒப்பந்தம் வந்தபின் கையெழுத்திடும் கட்டத்தில் அவசரப்பட்டுத் தவறு செய்பவர்கள் உண்டு. அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் ஒப்பந்தம் திரும்பி வரும். அதற்குக் கொடுத்த நாள்கெடு தாண்டினால் ஒப்புதலே ரத்தாகலாம்.

தனியார் கல்லூரியில் சேரும் முன்

இந்த விஷயத்தில் பெரிய இழப்பு நேர்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தனியார் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு பிடிபிடிஎன் முழுத் தொகை ஆண்டுக்கு 13,600 ரிங்கிட். 75 விழுக்காடு என்றால் 10,200. பாதி என்றால் 6,800. அரசுப் பல்கலைக்கழகத்தில் முழுத் தொகை 6,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல், ஆனால் அங்கே கட்டணம் குறைவு என்பதால் கணிசமான பங்கு செலவுக்காக மாணவர் கைக்கு வரும். தனியார் கல்லூரியில் கடன் முதலில் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகும். மிச்சம் இருந்தால்தான் மாணவருக்கு.

கல்விக் கண்காட்சியில் ஒரு மேசை. எதிரே அமர்ந்திருக்கும் ஆலோசகர், 'அம்மா, கவலைப்படாதீங்க, பிடிபிடிஎன் எடுத்துக்கலாம், கைக்காசு போட வேணாம்' என்கிறார். அந்த இடத்தில் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். ஓராண்டுக் கட்டணம் மொத்தம் எவ்வளவு, தேர்வுக் கட்டணம், வளக் கட்டணம் எல்லாம் சேர்த்து? எங்கள் குடும்பம் எந்தப் படியில் வரும்? கடன் வருவதற்கு முன் முதல் பருவத்துக்கு யார் கட்டுவது? இந்தப் படிப்பின் அங்கீகார எண் என்ன? நம்முடைய பட்டர்வொர்த் குடும்பத்தை வைத்துப் பார்த்தால், 75 விழுக்காட்டில் ஆண்டுக்கு 10,200. கல்லூரி கேட்பது 18,000 என்றால் ஆண்டுக்கு 7,800 ரிங்கிட் கையிலிருந்து போக வேண்டும், அதாவது மாதம் 650. சாப்பாடும் பேருந்தும் அறை வாடகையும் அதற்கு மேலே. 'கைக்காசு வேணாம்' என்ற பேச்சு எங்கே உடைகிறது என்பது அப்போது தெரியும்.

அங்கீகாரத்தைக் கல்லூரிப் பிரசுரத்தைப் பார்த்து நம்பக் கூடாது. மலேசியத் தகுதிப் பதிவேடு எம்கியூஆர் இணையத்தில் பொதுவில் இருக்கிறது. கல்லூரியின் பெயரைத் தேடினால் மட்டும் போதாது. அந்தக் கல்லூரியின் அந்த வளாகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூர் வளாகத்துக்கு அங்கீகாரம் இருந்து பினாங்குக் கிளையில் அந்தப் படிப்பு பதிவாகாமல் இருந்தால், பினாங்கு மாணவருக்கு அந்த அங்கீகாரத்தால் பயனில்லை. அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடனும் இல்லை.

பணம் நின்றுபோகும் காரணங்கள்

ஒப்புதல் கிடைத்துவிட்டால் படிப்பு முடியும்வரை வரும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பருவமும் மாணவர் தொடர்ந்து படிக்கிறாரா, சிஜிபிஏ எனும் மொத்தச் சராசரி மதிப்பெண் 2.00-க்குக் குறையாமல் இருக்கிறதா என்ற தகவலைப் பல்கலைக்கழகம் அனுப்பும். 2.00-க்குக் கீழே போனால் அடுத்த பருவப் பணம் நிறுத்தி வைக்கப்படும். மதிப்பெண் மீண்டதும் தொடரும். நிறுத்தப்பட்ட பருவத்தில் கட்டணத்துக்கு வேறு வழி தேட வேண்டும். கட்டணம் நிலுவையில் இருந்தால் பதிவும் தேர்வும் முடங்கும். பகுதிநேர வேலைக்கு ஓடி அதனால் மதிப்பெண் விழுந்து, அதனால் கடன் நின்று, மேலும் வேலைக்கு ஓடும் சுழலில் நல்ல பிள்ளைகள் மாட்டுகிறார்கள். முதல் பருவ முடிவு 2.00-ஐ ஒட்டி வந்தாலே மாணவர் விவகாரப் பிரிவில் போய்ப் பேச வேண்டும். நின்றபின் போவதைவிட அது பல மடங்கு மேல்.

படிப்பை மாற்றினாலும், பல்கலைக்கழகம் மாறினாலும், ஒரு பருவம் விடுப்பு எடுத்தாலும் பிடிபிடிஎன்-க்கு மாணவரே தெரிவிக்க வேண்டும். விரிவுரையாளருக்குத் தெரியும், துறைக்குத் தெரியும் என்று விட்டுவிட்டால், கடன் கணக்கு பழைய படிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

படிப்பின் நடுவில் அப்பா இறந்துவிட்டார், ஆலை மூடி அம்மாவுக்கு வேலை போய்விட்டது என்றால் கடன் தொகையை உயர்த்தக் கோரி மேல்முறையீடு செய்யலாம். பணிநீக்கக் கடிதம் அல்லது மரணச் சான்றிதழ், புதிய வருமான நிலைக்கான ஆவணம், எஸ்டிஆர் மாற்றம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அதோடு, பல்கலைக்கழகங்களில் மாணவர் நலநிதி இருக்கும். பெரிய தொகை அல்ல, ஆனால் நெருக்கடியில் விரைவாகக் கைக்கு வருவது அதுதான். அப்படி ஒன்று இருப்பதே நம் மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. கேட்கத் தயங்குவதும் ஒரு காரணம்.

கடன் அல்லாத பணம்

எஸ்பிஎம்-இல் 9 ஏ பிளஸ், அதற்கு மேல் எடுத்தவர்களுக்குப் பொதுச் சேவைத் துறையின் தேசிய உபகாரச் சம்பளத் திட்டம் இருக்கிறது. அதே துறை, மாற்றத்தக்க கடனையும் தருகிறது. படித்து முடித்து அரசுப் பணியில் சேர்ந்தால் அது உபகாரச் சம்பளமாக மாறும், இல்லாவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டும். பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா, கசானா அறவாரியம் போன்றவை எஸ்பிஎம் முடிவை ஒட்டிய சில வாரங்களுக்குள் விண்ணப்பத்தைத் திறந்து மூடிவிடும். மாரா பூமிபுத்திரா மாணவர்களுக்கானது என்பதால் நம் பட்டியலில் அது வராது.

இந்திய மாணவர்களுக்கான வழிகளில் மஇகாவின் கல்வி அமைப்பான எம்ஐஇடி 1984-இல் தொடங்கப்பட்டது. கெடாவில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பின்னணியில் இருப்பதும் அதுவே, கல்விக் கடனும் தருகிறது. இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா மூலம் வரும் உயர்கல்வி உதவிகள் ஆண்டுக்கு ஆண்டு வடிவம் மாறும். ஓராண்டு ரொக்கம், மற்றோராண்டு மடிக்கணினி என்று இருக்கலாம். போன ஆண்டு அறிவிப்பை வைத்து இந்த ஆண்டுக் கணக்குப் போடக் கூடாது.

பலர் மறந்துபோன ஒன்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்த நாளில் தொழிலாளர்கள் மாதம் மாதம் கட்டிய பணத்தில் வளர்ந்த சங்கம் அது. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அது கல்வி உதவி தருகிறது. தாத்தாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்தார்களா, அந்தப் பங்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டில் பழைய கோப்பைத் திறந்து பாருங்கள். பங்கு இறந்தவர் பெயரிலேயே மாற்றப்படாமல் கிடந்தால், பேரப்பிள்ளை உறுப்பினரின் பிள்ளை என்று காட்ட வழியில்லை. பெயர் மாற்றத்தை முதலில் முடிக்க வேண்டும்.

பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல் போன்ற துறைகளில் படிப்பவர்களுக்கு 2015-இல் தொடங்கிய பினாங்கு எதிர்கால அறவாரியத்தின் உபகாரச் சம்பளம் உண்டு. படித்து முடித்தபின் பினாங்கில் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் கட்டு. பாயான் லெப்பாஸ் ஆலைகளில் பொறியாளராக நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டு பாரமே அல்ல. குவோக் அறவாரியம், ஹோங் லியோங் அறவாரியம் போன்றவற்றிலும் வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு இனவேறுபாடின்றி வாய்ப்பு உண்டு. சீனர்கள் நடத்துவது, நமக்குக் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலே விடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம்.

உடற்குறையுள்ள மாணவர்களுக்கு உயர்கல்வி அமைச்சின் தனி உதவி இருக்கிறது, ஆண்டுக்கு 5,000 ரிங்கிட் வரை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. உடற்குறையுள்ளோருக்குச் சமூக நலத் துறை தரும் ஓகேயு அட்டை வேண்டும். செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு உள்ள பிள்ளைக்கு 'பேர் கெட்டுடும்' என்று அட்டை எடுக்காமல் வைத்திருக்கும் பெற்றோர், இந்தத் தொகையைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

சேமநிதியைத் தொடலாமா?

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகள். புதிதாக வரும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிளெக்சிபெல் கணக்குக்கும் போகிறது. பிள்ளையின் படிப்புக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. இடம் கிடைத்த கடிதம், கட்டண விவரம், பிறப்புப் பத்திரம் வேண்டும். பிடிபிடிஎன் ஏற்கெனவே கட்டும் பகுதிக்கு எடுக்க முடியாது.

'கடன் வேணாம், என் இபிஎஃப்-ல எடுத்துக் கட்டிடறேன்' என்று சொல்லும் அப்பாக்களின் பாசம் புரிகிறது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. பிடிபிடிஎன் வசூலிப்பது உஜ்ரா எனும் சேவைக் கட்டணம், ஆண்டுக்கு 1 விழுக்காடு, அசல் முழுமைக்கும். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கட்டணம் குறையாததால் உண்மையான விகிதம் சற்றுக் கூடும், அப்போதும் 2 விழுக்காட்டுக்குக் கீழேதான். சேமநிதி தந்த ஈவோ 2023-இல் 5.5 விழுக்காடு, 2024-இல் 6.3. ஆறு விழுக்காடு ஈட்டும் பணத்தை உடைத்து இரண்டு விழுக்காட்டுக் கடனைத் தவிர்ப்பது குடும்பத்துக்கு நட்டம். பிடிபிடிஎன் எடுத்தும் போதாத பகுதிக்கு மட்டும் சேமநிதியை வைத்துக்கொள்வதே சரியான வரிசை.

திருப்பிக் கட்டுவது

நம் பட்டர்வொர்த் மாணவி தனியார் கல்லூரியில் மூன்றாண்டு, ஆண்டுக்கு 10,200 வீதம் 30,600 ரிங்கிட் வாங்கியிருக்கிறார் என்று வைப்போம். 15 ஆண்டில் கட்டினால் சேவைக் கட்டணம் 4,590. மொத்தம் 35,190, மாதம் 195 ரிங்கிட் 50 சென். 10 ஆண்டில் முடித்தால் சேவைக் கட்டணம் 3,060, மாதம் 280 ரிங்கிட் 50 சென். படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத் தவணை தொடங்கும். சம்பளத்திலிருந்து நேரே கழிக்கும் ஏற்பாட்டை முதல் வேலையிலேயே செய்துகொண்டவர்களுக்குக் கடன் சுமையாகத் தெரிவதில்லை. கட்டாதவர்களுக்கு இருந்த வெளிநாட்டுப் பயணத் தடை 2018-இல் நீக்கப்பட்டதும், 'இனி ஒன்னும் செய்ய மாட்டாங்க' என்று விட்டவர்கள் பலர். தடை போனாலும் கடன் போகவில்லை. நிலுவை ஏறிக்கொண்டே போனது.

முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடி என்பது உண்மை, ஆனால் அதுவும் தானாக நடக்காது. குறிப்பிட்ட காலத்துக்குள் மாணவரே விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானம், எந்த வகைப் பல்கலைக்கழகம் என்ற நிபந்தனைகள் ஒருமுறைக்கு மேல் மாறியிருக்கின்றன. நுழைந்த ஆண்டில் கேட்ட செய்தியை நம்பாமல், இறுதிப் பருவத்தில் அப்போது நடப்பில் உள்ள விதியைப் படித்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இறுதி முடிவுக் கடிதமும் மதிப்பெண் பட்டியலும் கையில் வந்த வாரமே விண்ணப்பத்தை அனுப்பி, தொலைபேசி எண்ணும் முகவரியும் மாறியிருந்தால் பிடிபிடிஎன் கணக்கில் அன்றே திருத்திவிடுங்கள். விடுதி முகவரிக்குப் போன நினைவூட்டல் கடிதங்கள் யார் கையிலும் சேராது.